நீங்கள் பீச்சில் நடந்தால் பறவைக் குஞ்சு ஏன் பட்டினி கிடக்கிறது?

வீக்எண்டில் பீச்சில் ஒரு வாக் போறீங்க. எந்தப் பறவையையும் மிதிக்கவில்லை, துரத்தவில்லை. அப்புறம் என்ன பிரச்னை? கரையோரப் பறவைக் குஞ்சுகளுக்கு நீங்கள் அருகே வருவதே பிரச்னைதான்.

குஞ்சுக்கு என்ன அவசரம்?

அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஸ்னோயி ப்ளோவரை எடுத்துக்கொள்வோம். நம்ம ஊர் உப்புக்கொத்தியின் உறவுக்காரப் பறவை இது. 1993 முதல் அங்கே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. மணலில் ஒரு சின்னக் குழிதான் கூடு. வழக்கமாக 3 முட்டைகள். பொரிந்த சில மணி நேரத்தில் குஞ்சு நடக்கத் தொடங்கிவிடும். பெற்றோர் இரை ஊட்டாது. பூச்சிகளை அதுவே தேடித் தின்ன வேண்டும். பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

ஆள் வந்தால் என்ன ஆகும்?

பெற்றோர் எச்சரித்ததும் குஞ்சு மணலோடு மணலாகப் பதுங்கிவிடும். மணல் நிறத்திலேயே இருப்பதால் உங்கள் கண்ணில் படாது. பதுங்கியிருக்கும் நேரமெல்லாம் சாப்பாடு கட். ஒருவர் போனதும் அடுத்தவர் வந்தால்? யோசிச்சுப் பாருங்க. சில நாள் குஞ்சால் தன் உடல் சூட்டையும் காக்க முடியாது. பெற்றோரின் அணைப்பு வேண்டும். அதுவும் தடைபடும். நாய் என்றால் பயம் இன்னும் அதிகம். நாம் வீசும் மிச்சச் சாப்பாட்டைத் தேடி வரும் காகங்கள் முட்டையையும் குஞ்சையும் தூக்கிவிடும்.

பீச்சை மூட வேண்டுமா?

தேவையில்லை. சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கோல் ஆயில் பாயின்ட் காப்பகத்தில், பல பத்தாண்டுகளாக இந்தப் பறவை குஞ்சு பொரிக்காமல் இருந்தது. 2001-ல் மணலின் ஒரு பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்தார்கள். வருவோரிடம் விளக்கிச் சொல்லத் தன்னார்வலர்களை நிறுத்தினார்கள். மக்கள் தொடர்ந்து நடந்தார்கள். பறவைகள் மீண்டும் குஞ்சு பொரித்தன.

நீங்கள் என்ன செய்யலாம்?

தென்னிந்திய, இலங்கைக் கரைகளில் கூடு கட்டும் ஹனுமன் ப்ளோவரை, தனி இனம் என்று ஆய்வாளர்கள் 2023-ல்தான் அடையாளம் காட்டினார்கள். ஆகவே இது நம்ம பீச்சுக்கும் பொருந்தும். ஈர மணலில், அலையோரமாக நடங்க. பைக், ஜீப்பை மணலில் இறக்காதீங்க. நாயைக் கயிற்றில் பிடியுங்க. ஒரு பறவை கத்திக்கொண்டே உங்களைச் சுற்றினாலோ, இறக்கை ஒடிந்ததுபோல் நடித்தாலோ, குஞ்சு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். போட்டோ வேண்டாம், வந்த வழியே திரும்பிடுங்க.