ஆறு நாடுகள் ரக்பிப் போட்டி

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆகிய ஆறு நாடுகளின் அணிகள், ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒன்றோடொன்று பொருதும் ரக்பிப் பந்தயத் தொடர் இது. அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பியில், சர்வதேசத் தொடர்களுள் இதனினும் மூத்தது வேறில்லை. 1882 டிசம்பர் 16ஆம் நாள் ஸ்வான்ஸி நகரில் வேல்ஸும் இங்கிலாந்தும் ஆடிய ஆட்டமே இதன் ஆரம்பம். அன்று தொடங்கி 1993ஆம் ஆண்டு வரை, முதலிடம் பெற்ற நாட்டுக்கு வழங்கவென்று ஒரு கோப்பைகூட இதற்கு இருந்ததில்லை. பிணங்குவதும் பிரிவதும் பின்னர்க் கூடுவதுமாகவே இதன் சரித்திரம் நடந்திருக்கிறது. அந்தப் பிணக்குகள் தீர்ந்த விதத்தில்தான் இதன் உண்மையான பெருமை இருக்கிறது.

தொடர் பிறப்பதற்கு முன்பே, 1871 மார்ச் 27 அன்று எடின்பரோ நகரின் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில், அணிக்கு இருபது பேராக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடி, ஸ்காட்லாந்து வென்றிருந்தது. இவ்விரு நாடுகளுக்கிடையே இன்றும் ஆடப்படும் பரிசுக்கோப்பை, பாரத பூமியிலிருந்து சென்றது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்காரர் இருபது பேர் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டினர் இருபது பேர் மறுபக்கமுமாக ஆடிய ஆட்டத்தின் உற்சாகத்தில், அடுத்த மாதமே கல்கத்தா கால்பந்துக் கழகம் தோன்றிற்று. ஆனால் வங்காளத்தின் வெப்பம் இந்த ஆட்டத்துக்கு ஒத்துவரவில்லை. பட்டாளம் ஒன்று இடம் பெயர்ந்ததில் ஆட்டக்காரர் குறைந்தனர். எஞ்சியவர் மனமும் போலோவிலும் டென்னிஸிலும் சென்றது. கழகத்தைக் கலைக்க நேர்ந்தபோது, கையிருப்பைப் பங்கிட்டுக்கொள்ளாமல், வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாகவே பெற்று, அவற்றை உருக்கி, நாகப்பாம்பு வடிவில் மூன்று கைப்பிடிகளும் மூடியின்மேல் ஒரு யானையுமாக, இந்தியச் சிற்பிகளின் கைவேலை விளங்க ஒரு கோப்பை செய்வித்து, இங்கிலாந்தின் ரக்பிச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தனர். 1879இல் முதன்முறையாக அதற்கென ஆடப்பட்ட ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கலையும் தறுவாயிலிருந்த ஒரு சிறு கழகம், தான் நேசித்த ஆட்டத்துக்கு விட்டுச் சென்ற இதற்கு ஈடான சொத்தை வேறெங்கும் காண்பதரிது.

முதற் பெரும் பிணக்கு 1884இல் மூண்டது. எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பதை 'டிரை' என்பர். அவ்வாண்டு ஸ்காட்லாந்து வீரர் ஒருவரின் கைபட்டுப் பின்னோக்கிச் சென்ற பந்தைக் கைப்பற்றி, இங்கிலாந்து அப்படியொரு டிரை பெற்றது. கையால் தட்டியது விதிமீறலாதலால் ஆட்டம் அங்கேயே நின்றிருக்க வேண்டும் என்றது ஸ்காட்லாந்து. தவறு செய்தவனே அத்தவற்றால் ஆதாயம் பெறுவது தகாது என்றது இங்கிலாந்து. மைதானத்தில் எழுந்த இவ்வழக்கு, விதிகளுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் எவருக்கு என்ற பெரும் வழக்காக வளர்ந்தது. அப்போது தொடரில் ஆடிவந்த மற்ற மூன்று நாடுகளும் 1886இல் சர்வதேச வாரியம் ஒன்றை ஸ்தாபித்தன. அதில் சேர மறுத்த இங்கிலாந்து 1888, 1889 ஆகிய இரு தொடர்களிலும் ஆடவில்லை. 1890இல் மத்தியஸ்தர்கள் கூறிய தீர்ப்பின்படி, வாரியத்தில் இங்கிலாந்துக்கு ஆறு இடங்களும் ஏனையவற்றுக்கு இவ்விரண்டும் அளிக்கப்பட்டுச் சமாதானம் உண்டாயிற்று. உலக ரக்பியை இன்று ஆளும் ஸ்தாபனம், ஒற்றை டிரையைப் பற்றிய அந்த விவாதத்தில் முளைத்ததே.

1910இல் பிரான்ஸ் சேர, இது ஐந்து நாடுகள் போட்டியாயிற்று. மறு ஆண்டு ஜனவரியில் ஸ்காட்லாந்தை 16-15 என்று வென்றதே பிரான்ஸின் முதல் வெற்றி. 1913இல் பாரிஸில் கூட்டம் நடுவர்மேல் பாய்ந்ததால், அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து பிரான்ஸுடன் ஆட மறுத்தது. 1914இல் பிரான்ஸுக்கெதிராக நான்கு டிரைகள் பெற்ற இங்கிலாந்துத் தலைவர் ரோனால்ட் போல்டன்-பாமர், மறு ஆண்டே போர்முனையில் மாண்டார். 1931க்குப் பின், பிரெஞ்சுக் கழகங்கள் ஆட்டக்காரருக்கு இரகசியமாகப் பணம் கொடுக்கின்றன என்றும், அங்கு முரட்டுத்தனம் மிகுந்துவிட்டது என்றும் குற்றம் சாட்டி, நான்கு நாடுகளும் பிரான்ஸை விலக்கின. 1939இல் விலக்கு நீங்கிய உடனே இரண்டாம் மகாயுத்தம் வந்தது. ஆகவே 1947இல்தான் பிரான்ஸ் மீண்டும் ஆடியது. தனித்து முதலிடம் பெற அது 1959 வரை காத்திருக்க நேர்ந்தது.

தேசம் இரண்டாகப் பிரிந்த பின்னும் அயர்லாந்து, வடக்கும் தெற்கும் சேர்ந்த ஒரே அணியாகவே ஆடிவருகிறது. 1972இல் பாரிஸிலும் லண்டனிலும் வென்று திரும்பிய அவ்வணி, நான்கு ஆட்டங்களையும் வெல்லும் 'கிராண்ட் ஸ்லாம்' பெருமையை எதிர்நோக்கியிருக்க, வடக்கே மூண்டிருந்த வன்முறைக்கு அஞ்சி ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு வர மறுத்தன. தொடர் முற்றுப்பெறாமலே நின்றது. மறு ஆண்டு இங்கிலாந்து வந்தது. அவ்வீரர்கள் மைதானத்தில் கால் வைத்த கணத்தில் டப்ளின் ரசிகர்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். 18-9 என்று தோற்ற பின், அன்றைய விருந்தில் தலைவர் ஜான் புலின், தாம் சிறந்த அணியாக இல்லாவிடினும் வரவேண்டிய இடத்துக்கு வந்தவர் என்ற பொருள்படப் பேசினார். அவ்வாண்டு எல்லா ஆட்டங்களிலும் சொந்த மண்ணில் ஆடிய நாடே வென்று, ஐந்து நாடுகளும் சமநிலையில் முடிந்தன. 1920இல் பிரிட்டிஷ் படையினர் மக்கள்மீது சுட்ட டப்ளினின் குரோக் பூங்காவில், 2007இல் இங்கிலாந்தின் தேசிய கீதம் அமைதியாகக் கேட்கப்பட்டதையும் இவ்விடத்தில் சேர்த்து நினைப்பதே நியாயம். அன்று அயர்லாந்து 43-13 என்று வென்றது.

1970களில் கேரத் எட்வர்ட்ஸ் முதலியோர் வேல்ஸுக்கு ஈட்டிய வெற்றிகள் இன்றும் பேசப்படுகின்றன. 1995இல் ஊதியம் பெறாமல் ஆடும் சம்பிரதாயம் கைவிடப்பட்டது. 2000இல் இத்தாலி சேர்ந்து, முதல் ஆட்டத்திலேயே ஸ்காட்லாந்தை 34-20 என்று வென்றது. பின்னர் நெடுங்காலம் தோல்வியிலேயே உழன்ற அவ்வணி, இத்தொடரில் தொடர்ந்து 36 ஆட்டங்களை இழந்த பின் 2022இல் கார்டிஃப் நகரில் வேல்ஸை ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றது. 2017 முதல், நான்கு டிரைகள் பெற்றாலும், ஏழு புள்ளிகளுக்கு மிகாமல் தோற்றாலும் உபரிப் புள்ளி உண்டு. இவ்வேற்பாட்டால், ஐந்து ஆட்டங்களையும் வென்ற நாடு கணக்கில் பின்தங்கிவிடக் கூடாதென்று, அத்தகைய அணிக்கு மேலும் மூன்று புள்ளிகள் வழங்கவும் விதி செய்திருக்கிறார்கள்.