22 வருடம் ஓடிய பழைய கார்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நம் செம்மேட்டுக்கு வருகிறவர்களை நான் இரண்டு வகையாகப் பார்ப்பதுண்டு. புது வண்டிக்காரர்கள் விறுவிறுவென்று ஏறி வந்து, ஆகாய கங்கையைப் பார்த்துவிட்டு, சாயங்காலமே இறங்கிவிடுவார்கள். பழைய அம்பாசிடரிலோ பியட்டிலோ வருகிறவர்களுக்கு அது நடக்காது. பாதி மலையில் பானட்டைத் திறந்து வைத்து, ரேடியேட்டர் ஆறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னால் வருகிற யாராவது நிறுத்தி, கேனில் தண்ணீர் கொடுப்பார்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று பேச்சு வளரும். மேலே வந்து சேர்வதற்குள் இந்த மலையில் அவர்களுக்கு நாலு பேரைத் தெரிந்திருக்கும்.

பழைய காருக்கு உள்ள இந்தக் குணத்தை நம்பியே ஒரு தம்பதி உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறார்கள். அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த ஹெர்மன் சாப், அவர் மனைவி கேண்டலேரியா. சிறு வயது முதல் பழக்கம், பிறகு கல்யாணம். எப்போதாவது ஒரு நீண்ட பயணம் போக வேண்டும் என்பது ஆசை. வீடு, வேலை என்று நம் எல்லோரையும் போலவே அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கடைசியில் 2000-ஆம் வருடம் ஜனவரி 25-ஆம் தேதி பியூனஸ் அயர்ஸ் நகரிலிருந்து புறப்பட்டார்கள். அவருக்கு 31 வயது, அந்த அம்மாளுக்கு 29. அலாஸ்கா வரை ஆறு மாதப் பயணம் என்பதுதான் திட்டம்.

அவர்கள் ஏறி உட்கார்ந்த வண்டி 1928-ஆம் வருடத்து கிரஹாம்-பேஜ். அமெரிக்காவில் கிரஹாம் சகோதரர்கள் மூவர், 1927-ல் பேஜ் என்ற பழைய கம்பெனியை வாங்கித் தங்கள் பெயரையும் சேர்த்து நடத்திய நிறுவனம் அது. அதன் முதல் வருடத்து வண்டிகளில் ஒன்று இது. அந்தக் கம்பெனி கார் தயாரிப்பதை நிறுத்தி அறுபது வருடம் ஆகியிருந்தது. உதிரி பாகம் வேண்டுமென்றால் எந்த ஷோரூமுக்கும் போக முடியாது. சக்கரங்களுக்கு மர ஆரக்கால்கள்; நம் கட்டை வண்டிக்கு இருப்பது போலத்தான். ஹெர்மனுக்கோ மெக்கானிக் வேலை தெரியாது.

கேட்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்றைய காரில் ஒரு சென்சார் போய்விட்டால், கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. 1928-ஆம் வருடத்து வண்டியில் இருப்பது கார்பரேட்டர், டைனமோ, பிளக், கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மரம். கண்ணால் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். உலகத்தின் எந்த மூலைக் கிராமத்திலும் ஒரு கொல்லனும் ஒரு தச்சனும் இருப்பார்கள். 22 வருடத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்டது எட்டு செட் டயரும், இரண்டு முறை இன்ஜின் வேலையும்தான்.

ஆம், ஆறு மாதம் 22 வருடமாகிவிட்டது. எக்வடார் போய்ச் சேர்ந்தபோதே கையிருப்பு தீர்ந்துவிட்டது. அந்த அம்மாள் படம் வரைய, கணவர் சட்டம் போட்டு விற்றார். பிறகு தங்கள் பயணத்தையே புத்தகமாக எழுதி, போகிற இடமெல்லாம் விற்றுச் செலவைச் சமாளித்தார்கள். அமேசான் ஆற்றில் காரைத் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அலாஸ்கா சேரவே மூன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. வழியில் அமெரிக்காவில் முதல் பிள்ளை பிறந்தான். அடுத்தவன் அர்ஜென்டினாவில், பெண் கனடாவில், கடைசிப் பையன் ஆஸ்திரேலியாவில். குடும்பம் பெருக, காரையே வெட்டி நீளமாக்கினார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் தாய்தான்.

2022 மார்ச் 13-ஆம் தேதி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தார்கள். 102 நாடுகள், 3,62,000 கிலோமீட்டர். பூமியை ஒன்பது முறை சுற்றும் தூரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாள் ஒன்றுக்குச் சராசரி 45 கிலோமீட்டர்கூட முழுசாக வரவில்லை. செம்மேட்டிலிருந்து நாமக்கல் போகிற தூரம்கூட இல்லை! மற்ற நேரமெல்லாம் எங்கே போயிற்று? மனிதர்களோடு போயிற்று. வழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் அவர்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். புதுக் காரில் போயிருந்தால் அத்தனை கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகம்.

இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "ஏனுங்க, நாலு குழந்தைகளை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களை நம்பிப் போவது சரியா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். எல்லோராலும் ஆகிற காரியமில்லை, ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் முன்பின் தெரியாதவர்களை நம்பி வந்து வாழ்ந்த ஒரு தம்பதியை நம் மலையே பார்த்திருக்கிறது.

ரோடே இல்லாத 1913-ஆம் வருடம் கல்யாணம் முடித்த கையோடு இந்த மலைக்குக் குடிவந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் தம்பதி. வாழவந்தியில் தங்கி வைத்தியம் பார்த்தார்கள். ஊருக்கு ஊர் நடையும் மட்டக் குதிரையும்தான். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் பிறந்த அவர்கள் மகன். 1929-ல் காய்ச்சலில் கணவர் போய்விட்டார். அந்த அம்மாள் மலையை விடவில்லை. ஏறக்குறைய 70 வயதில் மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், தன் பொறுப்பில் திரும்பி வந்து, குதிரையிலும் கம்பு ஊன்றியும் கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1974-ல், 95-ஆவது வயதில் காலமானார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். மெதுவாகப் போனதால்தான் அவருக்கு ஒவ்வொரு குடிசையும் தெரிந்திருந்தது.

நம்மில் சிலர் வீட்டுக் கொட்டகையில் இன்னும் அம்பாசிடர் நிற்கிறது. 1958 முதல் 2014 வரை வந்த வண்டி. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. டயரையும் பிரேக்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். உலகத்தைச் சுற்ற வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன் புறப்பட்டு, பெரிய ரோட்டை விட்டு, சோளக்காட்டுச் சந்தைக்கும் வாழவந்திக்கும் இரண்டு பேருமாகப் போய் வாருங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். வண்டி நின்றுவிட்டால் பதற வேண்டாம், யாராவது வருவார்கள்.