மொழி கடந்த அழைப்பு

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவாவிலும் அதனைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் விடியுமுன்னரே பெரட்டு நடைபெறும். துரை எழுதியது ஆங்கிலம். பால்மரம் சீவியவர் பேசியது தமிழ். இருவருக்கும் இடையே கிராணியும் தண்டலும் நின்றனர். துரையின் கட்டளை தண்டலின் வாயில் தமிழாகி நிரைக்குச் சென்றது. நிறுத்த பாலின் கணக்கு கிராணியின் கையில் ஆங்கிலமாகி அலுவலகப் பேரேட்டில் ஏறியது. துரைமாருள் தமிழ் கற்றோர் இருந்தனர். தொழிலாளருள் ஆங்கிலம் அறிந்தோர் மிகச் சிலரே. ஆயினும் வேலை நடந்தது. காரணம் யாதெனின், யாரை எப்பெயரால் அழைப்பது, எந்த வரிசையில் சொல்வது, எந்த அளவையால் கணக்கிடுவது, விடையை எங்கே கொண்டுவந்து சேர்ப்பது என்பன முன்னரே முடிவாகியிருந்தன. செக்ரோல் புத்தகத்தின் கோடுகளும் கட்டங்களும் அந்த உடன்பாட்டின் வடிவமே.

இதே தேவை கணிப்பொறியின் உள்ளேயும் எழுந்தது. ஒரு நிரல்மொழியில் எழுதிய பகுதியை வேறொரு நிரல்மொழியிலிருந்து அழைத்து வேலை வாங்குவது எவ்வாறு என்பதே அக்கேள்வி. தமிழாசிரியர்க்கு இதனால் ஆவது என்ன எனலாம். தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதுதற்கு ஒரு மொழி செய்யப்பட்டபோது, "உள்ளே இயங்குவது பிற மொழி, மேலே பூசியது மட்டும் தமிழ்" என்று ஒதுக்குவோர் உளர். அனைத்தையும் அடிமுதல் தமிழிலேயே கட்டினாலன்றி அது தமிழாகாது என்போரும் உளர். இரு சாராரும் நிரல்மொழிகளின் வரலாற்றைக் காணத் தவறினர் என்பதே உண்மை.

துணைநிரலின் தோற்றம்

1949-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதற்கான கட்டளைகள் தாள்நாடாவில் துளையிட்டுத் தரப்பட்டன. வர்க்கமூலம் காணல் போன்ற கணக்குகள் மீண்டும் மீண்டும் வந்தமையால், அவற்றை ஒருமுறை எழுதி, நூலகத்தில் நூல் வைப்பதுபோல் வைத்து, வேண்டுவோர் எடுத்தாளும் முறையை அங்குள்ளோர் வகுத்தனர். அவ்வாறு வைக்கப்பட்ட பகுதியே துணைநிரல் எனப்பட்டது.

துணைநிரலைப் பலர் பல இடங்களிலிருந்து அழைப்பர். வேலை முடிந்ததும் அஃது எவ்விடத்திற்குத் திரும்புவது? டேவிட் வீலர் என்னும் இளைஞர் இதற்கு வழி கண்டார். அழைக்கும் பகுதி தான் நிற்கும் இடத்தின் எண்ணைக் கையில் கொடுத்தே அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டது அந்த எண்ணைக் கொண்டு விடையுடன் திரும்ப வேண்டும். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் இம்முறைகளை 1951-இல் நூலாக்கி வெளியிட்டனர்.

மொழிகள் பெருகிய காலம்

எட்சாக் கட்டளைகள் இயந்திரத்திற்கு மிக அணுக்கமானவை. மனிதர் எழுதும் சமன்பாட்டை ஒத்த வடிவில் நிரல் எழுத, ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஒரு குழு உழைத்தது. அதன் பயனாக 1957-இல் ஃபோர்ட்ரான் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1958-இல் வந்தபோது, துணைநிரல்களைத் தனித்தனியே மொழிபெயர்த்துப் பின்னர் ஒன்றாகச் சேர்க்கும் வசதி கிட்டியது. அவ்வாறு சேர்க்கப்படுவனவற்றுள் இயந்திரத்தை ஒட்டிய மொழியில் எழுதிய துணைநிரல்களும் இடம்பெறலாம். இரு மொழிப் பகுதிகள் ஒரே நிரலாக இயங்கும் வழி இவ்வாறு பலருக்குத் திறந்தது.

இஃது எங்ஙனம் இயலும் என்னும் ஐயம் எழலாம். எம்மொழியில் எழுதினும் இறுதியில் இயந்திரம் அறிவது எண்களையே. ஒவ்வொரு மொழிக்கும் உரிய தொகுப்பான் அம்மொழி நிரலை எண்வடிவாக்கும். பிணைப்பான் என்னும் மற்றொரு கருவி, "இப்பெயருடைய துணைநிரல் எங்குளது?" என்று தேடி இரண்டையும் இணைக்கும்.

1972-ஐ ஒட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி சி என்னும் மொழியை உருவாக்கினார். 1973-இல் யூனிக்ஸ் இயங்குதளம் அம்மொழியில் திருத்தி எழுதப்பட்டது. யூனிக்ஸ் பரவப் பரவ, சி மொழியின் அழைப்பு முறையே பிற மொழிகளுக்கும் பொதுமுறையாயிற்று. மலாயாச் சந்தைகளில் தமிழரும் சீனரும் தத்தம் மொழியை விடாமல், தமக்குள் சந்தை மலாய் பேசிப் பண்டம் மாற்றியதை இதற்கு ஒப்பிடலாம். இரு புதிய மொழிகள் தம்முள் உறவாட வேண்டின், பெரும்பாலும் இரண்டும் சி மொழி வழக்கிற்கு இறங்கிவந்தே பேசிக்கொள்கின்றன.

உடன்பாட்டின் கூறுகள்

இவ்வுடன்பாட்டில் முதலாவது பெயர். யூனிக்ஸ் இயங்குதளத்து ஃபோர்ட்ரான் தொகுப்பான்கள் பல, துணைநிரலின் பெயர் ஈற்றில் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்தே வெளியிட்டன. சி மொழியிலிருந்து அழைப்பவர் அந்த ஈற்றுத் திரிபை அறியாவிடின் பிணைப்பான் பெயரைக் கண்டுகொள்ளாது.

இரண்டாவது பொருளைக் கொடுக்கும் முறை. சி மொழி மதிப்பைப் படியெடுத்துக் கொடுக்கும். ஃபோர்ட்ரான் அம்மதிப்பு இருக்கும் இடத்தைக் காட்டுவது வழக்கம். ஒன்று காசைக் கையில் தருவது. மற்றொன்று பெட்டியைச் சுட்டுவது. பெட்டியைச் சுட்டினால், அழைக்கப்பட்டவர் அதனுள் இருப்பதை மாற்றிவிடவும் கூடும்.

மூன்றாவது வரிசை. எண்களைக் கட்டங்களாக அடுக்குங்கால் சி நிரைவாரியாகவும் ஃபோர்ட்ரான் பத்திவாரியாகவும் அடுக்கும். ஆள்வாரியாக எழுதிய செக்ரோலை நாள்வாரியாகப் படித்தால் ஒருவர் கூலி மற்றொருவர் பெயரில் ஏறும் அன்றோ? இங்கும் அவ்வாறே. பெயர் பிழைத்தால் பிணைப்பான் உடனே நிறுத்திவிடும். வரிசை பிழைத்தாலோ இயந்திரம் ஏதும் சொல்லாது, தவறான விடையை அமைதியாகத் தரும்.

நான்காவது அளவை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய ஒரு விண்கலம் 1999 செப்டம்பரில் அழிந்தது. தரையில் இருந்த ஒரு நிரல் உந்துவிசைக் கணக்கை ராத்தல் அளவையில் தந்தது. அதனைப் பெற்ற நிரலோ நியூட்டன் அளவையில் எதிர்பார்த்தது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய நாலரை மடங்கு. நிரல்மொழி எதுவாயினும், எல்லையில் அளவை ஒத்துப்போகாவிடின் நேரும் கேட்டிற்கு இது சான்று.

தொல்காப்பியர் கண்ட நெறி

இத்தகைய உடன்பாடு தமிழுக்குப் புதிதன்று. செய்யுளில் வழங்கும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தவர் தொல்காப்பியர். வடசொல்லை அவர் விலக்கவில்லை. வந்தவாறே புகவும் விடவில்லை. வடமொழிக்கே உரிய எழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்று எச்சவியலில் விதி செய்தார். பொருள் பிற மொழியினது, வடிவம் தமிழினது, எல்லையில் நிற்பது விதி. அவ்விதி இருந்தமையால் தமிழ் கொண்டும் வாழ்ந்தது. தன் இயல்பு குன்றாமலும் வாழ்ந்தது.

எழில் என்னும் நிரல்மொழி

இந்நெறியைக் கணிப்பொறியில் காட்டும் சான்று எழில் என்னும் தமிழ் நிரல்மொழி. முத்தையா அண்ணாமலை 2007-இன் இறுதியில் இதனைத் தொடங்கினார். 2009 ஜூலையில் இஃது அறிவிக்கப்பட்டது. தமிழ் மாணவர் தாய்மொழியில் நிரலாக்கம் பயில வேண்டும் என்பது நோக்கம். பதிப்பி, நிரல்பாகம், பின்கொடு, நிறுத்து என்பன அதன் கட்டளைச் சொற்களுட் சில. நிபந்தனையை முன்னர்க் கூறி, "ஆனால்" என்னும் சொல்லைப் பின்னர் வைப்பது அதன் அமைப்பு. அது தமிழ்த் தொடரியல்பை ஒட்டியது என்பதை ஆசிரியர் எளிதில் உணர்வர்.

எழிலை இயக்கும் நிரல் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. நெதர்லாந்து நாட்டவரான குய்டோ வான் ராஸம் 1991-இல் வெளியிட்ட மொழி பைத்தான். கணக்கு, சரம், கோப்பு முதலியவற்றிற்குப் பைத்தானில் உள்ள வசதிகளைத் தமிழ்ப் பெயரிட்டு எழில் அழைத்துக்கொள்கிறது. மாணவர் திரையில் கோடு இழுத்துச் சதுரம் வரைவதைக் கொள்வோம். 1967-இல் தோன்றிய லோகோ மொழியின் வழிவந்த ஆமை வரைகலை அது. தமிழில் இட்ட கட்டளை எழிலிலிருந்து பைத்தானின் ஆமைத் தொகுதிக்குச் செல்கிறது. அத்தொகுதி சி மொழியில் எழுதிய ஒரு பாலத்தைக் கடந்து, டிசிஎல் என்னும் மற்றொரு மொழியின் வழியே திரையை அடைகிறது. ஒரு சதுரத்திற்கு நான்கு மொழிகள்!

இதனால் எழில் தமிழன்று எனின், பைத்தானும் தனிமொழியன்று எனல் வேண்டும். பைத்தானின் முதன்மை வடிவம் சி மொழியில் எழுதப்பட்டது. 2001-இல் வெளிவந்த சைப்பை என்னும் அதன் கணிதத் தொகுதி, 1992-இல் ஃபோர்ட்ரானில் வெளிவந்த லாபேக் தொகுதியை அழைத்தே பல சமன்பாடுகளைத் தீர்க்கிறது. முன்னோர் செய்ததை மீண்டும் செய்யாமல் அழைத்துக்கொண்டமையால்தான் பைத்தான் விரைவில் வளர்ந்தது. எழில் செய்ததும் அதுவே.

எழுத்து எத்தனை?

எனினும் எல்லையில் விழிப்பு வேண்டும். "தமிழ்" என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால் மூன்று என்பர். ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், பைத்தானின் இன்றைய பதிப்பு ஐந்து என்று விடையளிக்கும். அதே சொல் யு.டி.எஃப்-8 வடிவில் சி மொழிக்குச் சென்றால், குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் பதினைந்து என்று வரும். மூன்றும் தத்தம் அளவையில் சரியே. அளவையைச் சொல்லாமல் எல்லை கடந்தால் மட்டும் பிழையாகும்.

ஒரு பெயருக்குப் பத்துப் பைட் இடமே உண்டு என்று அடியிலுள்ள நிரல் வெட்டுமாயின், "தமி" என்பது நிற்கும். ழகரம் முதல் பைட்டோடு உடையும். ஒரு மாணவரின் பெயர் சான்றிதழில் இவ்வாறு முறிந்து வந்தால், குறை தமிழெழுத்தின்மேல் ஏற்றப்படுகிறது. குறை எழுத்தினது அன்று. எல்லையில் அளவையை வகுக்காதவரது. முத்தையா அண்ணாமலையும் பிறரும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் நிரல்தொகுதி, ஒருங்குறிச் சரத்தைத் தமிழ் இலக்கணப்படி எழுத்தெழுத்தாகப் பிரித்து மூன்று என்றே விடை தருகிறது. எழுத்ததிகாரம் அறிந்தோர் நிரலாக்கத்தில் ஈடுபட்டதன் பயன் இது.

இன்னொரு குறையும் கூறத்தக்கது. அடியிலுள்ள மொழியில் தவறு நேரின் அதன் ஆங்கிலப் பிழைச்செய்தி அப்படியே மேலேறி வரக்கூடும். தமிழில் எழுதிய சிறுவன், தான் அறியாத மொழியில் கண்டிக்கப்படுகிறான். கட்டளையைத் தமிழில் ஏற்கும் நிரல், கண்டிப்பையும் தமிழில் தருதல் வேண்டும். துரையின் சினத்தை அப்படியே கொட்டாமல், வெட்டு ஆழமாயிற்று, இனி மேலாகச் சீவு என்று விளங்கச் சொன்ன தண்டலே நல்ல தண்டல்.

ஆதலின் தமிழுக்கு வேண்டுவது எல்லாவற்றையும் தானே செய்யும் பிடிவாதம் அன்று. பிற மொழியின் வாயிலில் தயங்கி நிற்கும் அச்சமும் அன்று. எல்லையில் நின்று பெயர், வரிசை, அளவை, விடை ஆகியவற்றைத் திருத்தமாக வகுக்கும் ஆட்கள் வேண்டும். நிரலாக்கம் அறிந்தோர் பலராயினும், "தமிழ்" என்பது மூன்றெழுத்து என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர் தமிழாசிரியரே.