ஓடுதளம் வந்த பிறகு

சுந்தரர் பிறந்த தலம் என்று எங்கள் திருநாவலூருக்கு நிறையப் பேர் வருகிறார்கள். பக்தஜனேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களில் யாரும் பக்கத்து உளுந்தூர்பேட்டையில் கிடக்கும் விமான ஓடுதளத்தைப் பற்றிக் கேட்டதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்டது அது. சோழவரத்திலும் செட்டிநாட்டிலும் அதே காலத்து ஓடுதளங்கள் உண்டு. சோழவரத்தில் பிற்பாடு கார்ப் பந்தயம் நடந்தது. உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பெயரும் கிடைக்கவில்லை.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவன் நான். அந்த நீளத் தரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது, இறங்கிய பிறகு விமானம் கைமீறிச் சுழலும் ஆபத்து. ‘கிரவுண்ட் லூப்’ என்போம்.

ஓடுதளங்கள் வருமுன் இந்த ஆபத்து குறைவு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுவந்தார். அவர்கள் ஓட்டிய புஸ் மாத் போன்ற விமானங்கள் திறந்த மைதானங்களில் இறங்கிய காலம் அது. புல்தரையில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் அதை எதிர்கொண்டே இறங்கலாம். வாலடியில் இருந்த கட்டை மண்ணைக் கீறிக்கொண்டு வந்து விமானத்தை நேராக இழுத்துப் பிடிக்கும். கனத்த போர் விமானங்களுக்குப் புல்தரை போதவில்லை. கெட்டித்தரை வேண்டியிருந்தது. தரை கெட்டியானதும் திசை ஒன்றாகிவிட்டது; காற்றுக்கோ திசை ஒன்றில்லை. போரின்போது இந்தியாவில் பறந்த ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், தண்டர்போல்ட் எல்லாமே வால்சக்கர விமானங்கள்தாம்.

வால்சக்கர விமானத்தின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. வாலை முன்னால் வைத்து எய்த அம்பைப் போல, அது திரும்பத்தான் பார்க்கும். மூக்கு கொஞ்சம் விலகினால் போதும். பின்பாரம் வெளிப்பக்கம் தள்ளத் தள்ள வளைவு இறுகும். பக்கக் காற்று வால்துடுப்பைத் தள்ளி மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பும். வெளிப்புற இறக்கை தரையில் உரசும். சில சமயம் சக்கரக்காலும் மடங்கிவிடும். வேகம் இருக்கும்வரை, காலால் இயக்கும் வால் திருப்பியான ரடர் சொன்னபடி கேட்கும். வேகம் குறையக் குறைய அதன் பிடி போய்விடும். அதனால்தான், இறங்கியாயிற்று என்று மாணவன் மூச்சுவிடும் கடைசி விநாடிகள் மிகப் பொல்லாதவை.

1958-இல் முதன்முதலாகப் பறந்த எச்.ஏ.எல். புஷ்பக்கும் வால்சக்கர விமானமே. நம் பறக்கும் சங்கங்களில் ஒரு தலைமுறையே அதில் கற்றது. பக்கத்து இருக்கையிலிருந்து நான் ஓயாமல் சொன்னது, “காலு தம்பி, காலு! நிக்கிற வரைக்கும் ஓட்டு.” ரடர் பெடலைச் சின்னச் சின்னதாக, உடனுக்குடன் மிதிக்க வேண்டும். விலகியதைக் கண் பார்த்த பிறகு ஓங்கி மிதித்தால் மறுபக்கம் சுழலும்.

பிறகு மூக்குச்சக்கர செஸ்னாக்கள் வந்தன. எடைமையம் முக்கியச் சக்கரங்களுக்கு முன்னால் வந்தது, விமானம் தானே நேராக ஓடியது. அந்தக் கால்பழக்கம் அருகிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

உளுந்தூர்பேட்டை இருக்கும் கள்ளக்குறிச்சி 2019-இல்தான் தனி மாவட்டமானது. அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் கோயில்களோடு இந்த ஓடுதளத்தையும் சேர்க்க வேண்டும். யார் நிலம் போனது, யார் மண் சுமந்தார்கள், எந்த விமானங்கள் வந்து இறங்கின என்பதையெல்லாம் இப்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.