ஈராடைத் தீர்த்தமும் நிழற்படமும்: களவுபோன திருமேனிகள் அடையாளம் காணப்பட்ட வரலாறு

குற்றாலத்தை அடுத்த தென்காசியில் விசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன் (1422–1463) தன் வேண்டுகோளைக் கல்லிலே பொறித்து வைத்தான். தனக்குப் பின் அக்கோயிலைப் பழுது நேராமல் காப்பவர் எவராயினும் அவரைப் பணிவதாக அக்கல்வெட்டில் கூறுகிறான். கல்வெட்டு சுவரோடு ஒன்றி நிற்பது. பெயர்த்துச் செல்வது எளிதன்று. உத்ஸவமூர்த்தியின் நிலை வேறு. கோயிலுக்குள் வர இயலாதார்க்கும் வீதியில் ஸேவை ஸாதிப்பதற்காக, எழுந்தருளப் பண்ணத்தக்க அளவில் வார்க்கப்பட்ட திருமேனி அது. அர்ச்சாவதாரத்தில் எம்பெருமான் பிறர் கையை எதிர்பார்த்திருப்பான் என்று பூர்வாசாரியர்கள் கொண்டாடிய பாரதந்த்ரியம், கள்வன் கைக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. அவ்வாறு சென்றவர் மீளும்போது எழும் வினா ஒன்றே: மீண்டவர் முன்பு இருந்தவர்தாமோ?

இவ்வினாவுக்கு ஸம்ப்ரதாயம் அறிந்த முதல் விடை திருவரங்கத்தில் கிடைத்தது. 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது பிள்ளைலோகாசாரியர் உள்ளிட்டோர் அழகியமணவாளனை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்றனர். வழியில் ஜ்யோதிஷ்குடியில் பிள்ளைலோகாசாரியர் பரமபதித்தார். பல திவ்யதேசங்களைக் கடந்து, கோபணாரியரால் பெருமாள் மீண்டும் கோயிலுக்கு எழுந்தருளியபோது நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. சக ஆண்டு 1293-ஐ (கி.பி. 1371) எழுத்தெண்ணால் குறிக்கும் வடமொழிச் சுலோகங்கள் அம்மீட்சியை இன்றும் திருவரங்கக் கோயிற்சுவரில் அறிவிக்கின்றன. ஆயினும் அப்போது ஸந்நிதியில் வேறொரு மூர்த்தி ஆராதனம் கொண்டிருந்தார். பழையவரை அறிந்தோர் அரிதாயினர். கண்பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், இரு மூர்த்திகளின் ஈராடைத் தீர்த்தத்தையும் பெற்று, பண்டைய பரிமளத்தைக் கொண்டு 'இவரே நம்பெருமாள்' என்று அறுதியிட்டதாக மரபு கூறும். திருநாமமே ஒரு தொண்டரின் சாட்சியத்தால் வந்தது.

நம் காலத்துச் சான்று வேறு வகையினது. கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயில் ஸ்ரீஸௌந்தரராஜப் பெருமாள் ஸந்நிதியில், வாளும் கேடயமும் ஏந்திய திருமங்கையாழ்வாரின் 16-ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி எழுந்தருளியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில் 1957-இல் எடுத்த அதன் நிழற்படம் உள்ளது. 1967-இல் அத்திருமேனி லண்டன் ஏலத்தில் ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் கைக்குச் சென்றது. இடைப்பட்ட பத்தாண்டுகளுக்குள் களவு நிகழ்ந்திருத்தல் வேண்டும். வாள்முனையில் எம்பெருமானிடமிருந்தே திருமந்திரம் பெற்றவராகக் குருபரம்பரை போற்றும் கலியன் தாமே களவுபோனார். அவரிடத்தில் பின்னாளில் செய்த வடிவம் ஒன்று இருந்தது. 2019-இல் ஆய்வாளர் ஒருவர் பழைய நிழற்படத்தை அருங்காட்சியகத் திருமேனியோடு ஒப்பிட்டு உண்மையை வெளிப்படுத்தினார். 2024 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மன்றம் திருப்பித் தரும் கோரிக்கையை ஆதரித்தது.

ஒரு படம் இவ்வளவு உறுதி தருவதற்குக் காரணம் ஸ்தபதிகளின் வார்ப்பு முறையில் உள்ளது. மெழுகில் கரு அமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் வார்த்தபின் அச்சை உடைத்துவிடுவர். ஆகவே ஒரு திருமேனியைப் போல் மற்றொன்று முழுதும் அமைவதில்லை. தேய்வும் வடுவும்கூட அடையாளமாகின்றன. ஆனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் 1978-இல் களவுபோன ஸ்ரீராமன், இளையபெருமாள், பிராட்டி மூவரும் 2020-இல் லண்டனில் ஒப்படைக்கப்பட்டதும் 1958-ஆம் ஆண்டு நிழற்படத்தின் துணையாலேயே. தென்காசிச் சீமைக்கு அணித்தான கல்லிடைக்குறிச்சியில் 1982-இல் களவுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து 2019-இல் மீண்டார்.

இனி ஓர் ஐயம் உண்டு. மாற்றுருவத்தின் முன் அத்தனை ஆண்டுகள் கூப்பிய கைகள் வீணாயினவோ? ஆகா. அடியார் விரும்பிய வடிவத்தை எம்பெருமான் ஏற்கிறான் என்பது பொய்கையாழ்வாரின் திருவுள்ளம். மேலும் நம்பெருமாள் மீண்டபின், இடைக்காலத்தில் ஆராதனம் கொண்டவரைத் திருவரங்கத்தார் விலக்கவில்லை. திருவரங்கமாளிகையார் என்னும் திருநாமத்தோடு அவரும் அங்கேயே எழுந்தருளியிருக்கிறார். ஆயினும் இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. திருவரங்கத்தில் அறிந்து ப்ரதிஷ்டை செய்தனர். கள்வன் வைத்துச்சென்ற உருவுக்கு அது இல்லை. மூலத் திருமேனி திரும்பும் கோயில்களில், மாற்றுருவத்தை என் செய்வது என்பதை ஆகமம் அறிந்த பெரியோர் முன்னதாகவே தீர்மானித்தல் தகும்.

ஈரங்கொல்லியைப் போன்ற தொண்டர் எல்லா ஊர்களிலும் வாய்ப்பதில்லை. பிரெஞ்சு நிறுவனத்தாரும் சிற்ப ஆராய்ச்சிக்காகவே படமெடுத்தனர். அவர்கள் செல்லாத ஸந்நிதிகளுக்கு அந்தச் சான்றும் இல்லை. ஒவ்வொரு மூர்த்தியின் உயரம், எடை, பீடத்தின் அளவு, வடுக்கள், நாற்புற நிழற்படம் ஆகியவற்றைப் பதிந்து, ஒரு படியைக் கோயிலிலும் மற்றொன்றை வெளியிலும் வைத்தல் கைங்கர்யபரர் கடமை. திருவாராதனத்துக்கு அங்கமான ரக்ஷணம் இன்று இவ்வளவையும் உட்கொண்டது.