பெருநாள் வாழ்த்து மடல்: ஒரு துஆவின் பயணம்



நபித்தோழர்கள் பெருநாளன்று சந்தித்துக்கொண்டால், எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக என்று கூறிக்கொள்வார்கள் என ஜுபைர் இப்னு நுஃபைர் (ரஹ்) அறிவிக்கிறார்கள். ஆக, நம் வாழ்த்தின் வேர் துஆவாகும்.

அச்சிட்ட வாழ்த்து மடலோ பிற்காலத்தது. 1843 இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், அனைவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமின்றிக் கிறிஸ்துமஸ் மடலை அச்சிட்டார். பின்னர் இந்தியாவிலும் ஈத் மடல்கள் அச்சாயின.

2001 செப்டம்பர் 1 அன்று அமெரிக்க அஞ்சல்துறை, 'ஈத் முபாரக்' எனும் அரபு எழுத்தணியுடன் 34 சென்ட் தபால்தலையை வெளியிட்டது. எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய முஹம்மது ஸக்கரிய்யா. பத்தே நாள்களில் செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்தது; தபால்தலைக்கு எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் 2002 இல் 37 சென்ட் மதிப்பில் அது மீண்டும் வெளிவந்தது. வெறுப்பு மிகுந்த அந்நாள்களில் அவ்விரு சொற்கள் ஒரு சமூகத்தின் கண்ணியத்தைச் சுமந்தன.

அச்சொற்களையே இன்று நாம் படிக்காமலேயே நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். இவ்வாண்டு கணவரை இழந்த சகோதரிக்கும், முதல் நோன்பு நோற்ற சிறுவனுக்கும் ஒரே வாசகம் பொருந்துமா? வாழ்த்துக்கு அதைவிட அழகியதாக, அல்லது அதற்கு இணையாகவேனும் மறுமொழி கூறுமாறு திருக்குர்ஆன் (4:86) பணிக்கிறது. எனவே பெயர் குறித்து, நிலையறிந்து, அவருக்கான ஒரு துஆவை நம் கையால் எழுதுவோம்.

அல்லாஹ் நம் அனைவரின் நற்செயல்களையும் ஏற்றருள்வானாக. ஆமீன்.