திருவல்லிக்கேணியில் வாக்காளர் பதிவும் தபால் வாக்கும்

திருவல்லிக்கேணிவாசி ஒருவர் வாக்களிக்க, சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் இது 19ஆம் எண். 2008 தொகுதி மறுசீரமைப்பின்போது, அதுவரை தனித்தனியாக இருந்த சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் சேர்ந்து உருவானது. முதல் தேர்தலை 2011இல் கண்டது. மக்களவைக்கு மத்திய சென்னைத் தொகுதியில் அடங்குகிறது. பட்டியல் தெருவாரியாகப் பாகங்களாகப் பிரிந்திருக்கும். வாக்குச்சாவடி வாசலில் பூத் ஏஜெண்டுகள் கேட்கும் 'பாகம் எண், வரிசை எண்' இந்தப் பிரிவிலிருந்து வருபவை. பெயர் எப்படிச் சேர்கிறது, எதனால் நீங்குகிறது, வாக்குப்பதிவு நாளில் ஊரில் இல்லாதவர் கதி என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் சட்டம் சொன்ன விடை காலந்தோறும் மாறியிருக்கிறது.

வரி கட்டியவரின் வாக்கு

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. அதன் உறுப்பினர்கள் நெடுங்காலம் நியமிக்கப்பட்டவர்களே. 1878ஆம் ஆண்டுச் சட்டம்தான் 32 உறுப்பினர்களில் பாதிப்பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்க வழி செய்தது. 1884இல் தேர்ந்தெடுக்கப்படுவோர் 24 பேர் ஆயினர். வாக்காளர் பட்டியல் என்பது அன்று ஏறக்குறைய வரிவசூல் பதிவேட்டின் இன்னொரு படி. வீட்டுக்காரருக்கு வாக்கு இருக்கும். திண்ணையில் ஒண்டியிருந்தவருக்கு இருக்காது.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 1920 நவம்பரில் நடந்த தேர்தலிலும் சொத்தும் வரியுமே அளவுகோல். சுமார் 4 கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர் 12.48 லட்சம் பேர்தான். அடுத்த ஆண்டே, 1921இல், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கும் வாக்குரிமை தந்தது. ஆனால் சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால் அது சில வீட்டுப் பெண்களையே எட்டியது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் சொத்தோடு கல்வியையும் தகுதியாகச் சேர்த்து வட்டத்தை விரித்தது. அப்போதும் நாடு முழுவதும் வாக்காளர் சுமார் 3 கோடியைத் தாண்டவில்லை.

அரசியலமைப்பின் 326ஆவது பிரிவு இந்தக் கணக்கை ஒரே வீச்சில் ஒழித்தது. 21 வயது நிறைந்த குடிமக்கள் எல்லோருக்கும் வாக்கு. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில் தயாரான பட்டியலில் 17 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் ஏறின. வட மாநிலங்களில் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்ல மறுத்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் விடுபட்டுப்போனார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியல் இல்லை என்பதில் சென் விட்டுக்கொடுக்கவில்லை. வாக்களிக்கும் வயது 1989இல் 18 ஆகக் குறைந்தது. டி.என். சேஷன் தலைமை ஆணையராக இருந்தபோது 1993இல் புகைப்பட அடையாள அட்டை வந்தது. அட்டை கையில் இருந்தால் ஓட்டு உண்டு என்று நம்பி வாக்குச்சாவடிக்குப் போய், பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்புவோரை ஒவ்வொரு தேர்தலிலும் காணலாம். உரிமையைத் தருவது பட்டியல். அட்டை ஆளை அடையாளம் காட்டுவதற்கு மட்டும்.

குடியிருப்பு என்னும் நிபந்தனை

சொத்து போன இடத்தில் வந்து உட்கார்ந்தது குடியிருப்பு. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, தொகுதியில் 'சாதாரணமாகக் குடியிருப்பவர்' மட்டுமே அங்கே பதிவு பெறலாம் என்கிறது. அந்தச் சொல்லுக்கு 20ஆவது பிரிவு விளக்கம் தருகிறது என்பதைவிட, எது விளக்கமல்ல என்று சொல்கிறது எனலாம். வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் குடியிருப்பை இழந்துவிடவும் மாட்டார். சிறையிலோ மனநல மருத்துவமனையிலோ இருப்பதால் அந்தக் கட்டடத்தின் குடியிருப்பாளர் ஆகிவிட மாட்டார். சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் தனி விதி உண்டு. பதவிப் பணிக்காகத் தொகுதியை விட்டு வந்திருப்பதால் அவர்களுடைய சொந்த ஊர்ப் பதிவு போகாது. சேப்பாக்கத்தில் அரசினர் தோட்டத்து விடுதியில் தங்கும் உறுப்பினர்கள் இதனால்தான் இத்தொகுதியின் வாக்காளர்களாக ஆக வேண்டியதில்லை.

ஒருவரைத் தொகுதியில் ஒருமுறைக்கு மேல் பதிவு செய்வதற்கும், ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு செய்வதற்கும் தடை உண்டு. விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

திருவல்லிக்கேணியைப் போல் இந்தச் சொல்லைச் சோதித்த பேட்டைகள் சென்னையில் குறைவு. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பங்கள், வாலாஜா பெரிய பள்ளிவாசலை ஒட்டிய பழைய முஸ்லிம் குடியிருப்புகள், கடலோரக் குப்பங்கள், இவற்றுக்கு நடுவே மேன்சன்கள். வேலை தேடியும் தேர்வுக்குப் படிக்கவும் தென்மாவட்டங்களிலிருந்து வரும் இளைஞர்கள் ஓர் அறையில் இருவர் மூவராகத் தங்கும் விடுதிக்கு இங்கே வழங்கும் பெயர் அது. மேன்சன்வாசி ஐந்தாண்டு அங்கேயே தூங்கி எழுந்தாலும் வாக்குக்கு ஊருக்குத்தான் போவார். இதில் ஊர்ப்பற்றுக்குப் பங்கு உண்டென்றாலும் காகிதத்தின் பங்கே பெரிது. முகவரிச் சான்றாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 கேட்பவை ஓராண்டு மின் அல்லது தண்ணீர்க் கட்டணச் சீட்டு, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகம், ஆதார், பாஸ்போர்ட் போன்றவை. மேன்சன் அறைக்கு மின்கட்டணம் உரிமையாளர் பெயரில். ஆதாரோ அப்பா வீட்டு முகவரியில். இவை எதுவுமே இல்லாவிட்டாலும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து பார்த்துச் சேர்க்க விதியில் இடம் உண்டு. அதைக் கேட்டுப் பெறுவோர் சிலரே.

விடுதி மாணவருக்கு வழி இதைவிட எளிது. கல்லூரி முதல்வரின் சான்றோடு விடுதி முகவரியிலோ பெற்றோர் வீட்டு முகவரியிலோ, ஏதாவது ஓரிடத்தில் பதிவு செய்துகொள்ளலாம். நடைபாதையில் வாழ்பவரிடம் ஆவணமே கேட்கக்கூடாது. அலுவலர் இரவில் வந்து, அவர் சொன்ன இடத்தில்தான் படுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. சட்டம் மிகத் தாராளமாக இருப்பது, கூரையே இல்லாதவரிடம்தான்.

பட்டியலின் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே பேட்டையின் உருவம் தெரியும். பெட்டி பெட்டியாகப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். சென்னையில் கதவெண்களை மாற்றியபோது பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒட்டிக்கொண்டன. ஒரே வீடு பட்டியலில் ஓரிடத்தில் பழைய எண்ணோடும் இன்னோரிடத்தில் புதிய எண்ணோடும் நிற்பதால், தாய் ஒரு பாகத்திலும் மகள் வேறொரு பாகத்திலும் இருப்பது அதிசயமல்ல. ஒரே எண்ணின்கீழ் உறவில்லாத ஆண் பெயர்கள் வரிசையாக வந்தால் அது மேன்சனாக இருக்கும்.

எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு. 2000க்குப் பிறகு கூவம், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வேலை, பள்ளிக்கூடம், ரேஷன் அட்டை எல்லாம் சில காலம் பழைய பேட்டையிலேயே இருந்தன, வாக்கும் அப்படித்தான். வாக்குப்பதிவு நாளில் பஸ் ஏறி வந்து பழைய சாவடியில் வாக்களிப்பவர்களைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் குடிபெயர்ந்தவர்கள். அவர்கள் கண்ணால் பார்த்தால், தாமாக எங்கும் பெயராதவர்கள்.

பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கவும் ஆட்சேபிக்கவும் 7, திருத்தவும் முகவரி மாற்றவும் 8 என்ற முறை 1960ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. தொகுதிக்குள் வீடு மாறியவருக்கு இருந்த 8ஏ 2022இல் 8உடன் இணைந்தது. அதே ஆண்டு ஆதார் எண்ணைத் தருவதற்கு 6பி வந்தது. ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருக்க வேண்டும் என்ற ஒற்றைத் தகுதி நாளும் அப்போதுதான் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவற்றையும் சேர்த்து நான்காயிற்று. 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். வேட்புமனு செய்யும் கடைசி நாளோடு பட்டியல் பூட்டப்படும். அதன்பின் யாரையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. சென்னையில் மாவட்டத் தேர்தல் அலுவலர் மாநகராட்சி ஆணையரே. ஆகவே இந்த வேலை முழுதும் மாநகராட்சி அலுவலகங்கள் வழியாக நடக்கிறது.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம், குடியிருப்புக் கேள்வியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இருக்கிற வாக்காளர் ஒவ்வொருவரும் கணக்கீட்டுப் படிவத்தை நிரப்பித் தர வேண்டியிருந்தது. 2002 அல்லது 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலத்தின் எண்ணிக்கை 6.41 கோடியிலிருந்து 5.43 கோடியாகக் குறைந்தது. நீக்கப்பட்ட 97 லட்சம் பெயர்களில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம்; முகவரியில் இல்லாதவர்களும் இடம் மாறியவர்களும் சுமார் 66 லட்சம். சென்னை மாவட்டத்தில் ஏறத்தாழ 40 லட்சம் பெயர்கள் 25.8 லட்சமாயின. வாடகைவீட்டு நகரத்தில் வெட்டு ஆழமாக விழுந்ததில் வியப்பில்லை. இரட்டைப் பதிவும் இறந்தவர் பெயரும் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்தது உண்மை. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் அறைக்குப் போகும் அலுவலர், குடியிருப்பவரையும் 'இல்லை' என்று எழுத நேரும் என்பதும் உண்மை. விடுபட்டவர்கள் படிவம் 6 கொடுத்து மீண்டும் சேர அவகாசம் தரப்பட்டது.

தபால் வாக்கு

வாக்குப்பதிவு நாளில் ஊரில் இல்லாத யாரும் தபால் வாக்கைக் கேட்டுப் பெறலாம் என்ற முறை பிரிட்டனில் இருப்பதுபோல் இந்தியாவில் இல்லை. இலங்கையில்கூட அது அரசுப் பணியாளர் போன்ற சில வகையினருக்கே உரியது. இந்தியச் சட்டமும் வகைகளைத்தான் நம்புகிறது: படையினர், குடியரசுத் தலைவர் முதலிய அறிவிக்கப்பட்ட பதவியினர், தேர்தல் பணியாளர், தடுப்புக் காவலில் இருப்போர். தண்டனைக் கைதிக்கும் விசாரணைக் கைதிக்கும் வாக்கு கிடையாது. தடுப்புக் காவல் கைதிக்கு உண்டு. எல்லையில் இருக்கும் படையினருக்குத் தபால் போய்த் திரும்பக் காலம் போதாததால், 2003இல் பதிலாள் மூலம் வாக்களிக்கவும், 2016இல் வாக்குச்சீட்டை மின்வழி அனுப்பவும் ஏற்பாடாயிற்று. பின்னது முதலில் பயன்பட்டது புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்.

தமிழ்நாட்டில் தபால் வாக்கு என்றாலே ஆசிரியரும் அரசு ஊழியரும்தான் நினைவுக்கு வருவார்கள். அவற்றைத்தான் முதலில் எண்ணுவார்கள். எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குள் வந்து சேராதது செல்லாது. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இடத் தகுதியானவர் யார் என்ற சின்ன விதி எவ்வளவு கனமானது என்பதை ராதாபுரம் தொகுதி காட்டியது. 2016இல் அங்கே தி.மு.க.வின் அப்பாவு 49 வாக்குகளில் தோற்றார். நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லாது என்று 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. மறுஎண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் 2019இல் உத்தரவிட்டது, எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2023 விதித் திருத்தத்துக்குப் பிறகு, தேர்தல் பணியாளர் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பயிற்சி மையத்திலேயே வாக்களித்துவிட வேண்டும்.

வகைகளின் பட்டியல் பெரிதாக விரிந்தது 2019 அக்டோபரில். 80 வயது கடந்தோர், மாற்றுத்திறனாளிகள், அத்தியாவசியப் பணியினர் ஆகியோர் 'வருகை தர இயலாத வாக்காளர்' ஆனார்கள். 2021 தேர்தலில் கொரோனா பாதித்தவர்களும் சேர்ந்தார்கள். இதை எதிர்த்து தி.மு.க. தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மார்ச்சில் தள்ளுபடி செய்தது. 2024 மார்ச்சில் வயது வரம்பு 85 ஆக உயர்ந்தது.

நடைமுறை இது. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாள்களுக்குள் படிவம் 12டியை நிரப்பித் தர வேண்டும். குறித்த நாளில் இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், போலீஸ்காரர், வீடியோ எடுப்பவர் என ஒரு சிறு கூட்டம் வீட்டுக்கு வரும். வேட்பாளரின் ஏஜெண்டும் உடன் வரலாம். கட்டில் பக்கத்தில் அட்டைத் தடுப்பை நிறுத்துவார்கள். முதியவர் சீட்டில் குறியிட்டு, சிறிய உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்திட்ட உறுதிமொழியோடு பெரிய உறைக்குள் வைத்துத் தருவார். அந்த நேரம் ஆள் வீட்டில் இல்லாவிட்டால் இன்னொரு முறை வருவார்கள். மூன்றாவது முறை கிடையாது. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறிப்பு ஏறிவிடுவதால், மனம் மாறிச் சாவடிக்கு வந்தாலும் வாக்களிக்க முடியாது. மாடிப்படி செங்குத்தாக ஏறும் திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில், இந்த ஏற்பாடு வருமுன் நாற்காலியோடு தூக்கி வந்துதான் வாக்களிக்க வைக்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் குடிமக்கள் 2011 முதல் படிவம் 6ஏ மூலம் சொந்த ஊர்ப் பட்டியலில் சேரலாம். ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். அவர்களுக்குப் பதிலாள் வாக்கு தரும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவைக்குப் போகாமலே அடுத்த ஆண்டு காலாவதியானது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்காக 72 தொகுதிகள் வரை கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தை ஆணையம் 2023 ஜனவரியில் காட்டக் கட்சிகளை அழைத்தது. எதிர்க்கட்சிகளின் ஆட்சேபத்தால் அது அங்கேயே நின்றது. எனவே மேன்சன்வாசிக்கு மிஞ்சியவை இரண்டே: சம்பளத்தோடு விடுமுறை தரும் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவும், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவின் சிறப்புப் பேருந்தும்.

மாநகராட்சித் தேர்தலை நடத்துவது வேறு அமைப்பு, மாநிலத் தேர்தல் ஆணையம். தனக்கென்று வீடு வீடாகப் பெயர் எடுக்காமல், சட்டமன்றப் பட்டியலையே வார்டுவாரியாகப் பிரித்து அது எடுத்துக்கொள்கிறது. சட்டமன்றப் பட்டியலில் விடுபட்டவர் வார்டிலும் விடுபடுகிறார். பட்டியல் இருந்தும் வாக்கில்லாத காலங்களையும் நகரம் பார்த்திருக்கிறது: மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பதிவேட்டு ஊழலில் 1973இல் கலைக்கப்பட்ட மன்றத்துக்கு 1996 வரை தேர்தல் நடக்கவில்லை, 2016இல் முடிந்த மன்றத்துக்கு அடுத்தது 2022 பிப்ரவரி 19 அன்று, 200 வார்டுகளுக்கு நடந்தது.